பெயர் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது

1968ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் செல்லப்பாண்டியின் ஊர் பறிமுதல் செய்யப்பட்டது. ஊர் அங்கேயேதான் இருந்தது. முப்பத்திரண்டு வீடுகளும், படிப்படியாகச் சரிவில் இறங்கும் பூண்டுக் காடுகளும், மழை பெய்தால் ஒழுகும் ஓராசிரியர் பள்ளிக்கூடமும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பெயரை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பூம்பாறையிலிருந்து மூன்று மைல் மேலே இருந்த அந்த ஊருக்குக் கழுதைக்கல் என்று பெயர். எப்போதோ பூண்டுப் பொதி சுமந்து வந்த கழுதை ஒன்று அங்கே கிடந்த பாறைக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. அடித்தும் எழவில்லை, கெஞ்சியும் எழவில்லை. ஓட்டி வந்தவன் வேறு வழியில்லாமல் அங்கேயே குடிசை போட்டான். ஊரார் எல்லாரும் அவன் வழி வந்தவர்கள். இதில் ஒருவருக்கும் வெட்கம் கிடையாது.

அந்த மலைத்தொடருக்கே பெயர் நிலைத்ததில்லை. பழம்பாட்டில் பொதினி என்றார்கள். அது பழனி ஆயிற்று. புராணம் படித்தவர்கள் வராககிரி என்றார்கள். அதையே கூச்சப்படாமல் தமிழில் சொன்னவர்கள் பன்றிமலை என்றார்கள். வெள்ளைக்காரன் வந்து நாக்கு வளைந்த மட்டும் வளைத்துப் 'புல்னி' என்று எழுதினான். ஒவ்வொரு தடவை பெயர் மாறியபோதும் மலைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மலையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாநிலத்தின் பெயரையே மாற்றவேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியிருந்த சமயம் அது. பெரிய அளவில் ஒரு காரியம் நடக்கும்போது அதையே சிறிய அளவில் நடத்திப் பார்க்கச் சிலருக்கு ஆசை வந்துவிடும். அப்படிப் பிறந்ததுதான் மலைப்பகுதி ஊர்ப்பெயர்த் தூய்மைக் குழு. இழிந்த பெயர்களையும் மருவிய பெயர்களையும் நீக்கிவிட்டு அவற்றின் தொன்மையான வடிவத்தைக் கண்டுபிடிப்பது அதன் பணி. தொன்மையான வடிவம் இல்லாத ஊர்களுக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, அதனால்தான் 'கண்டுபிடிப்பது' என்ற சொல் போடப்பட்டிருக்கிறது என்று விளக்கம் தரப்பட்டது.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு புலவர். பழனிமுத்து என்று பெற்றோர் வைத்த பெயரைத் தொன்மைப்படுத்திப் பொதினிமுத்தனார் ஆகியிருந்தார். இரண்டாமவர் கோயில் தலபுராணங்களில் கரைகண்டவர். எந்தப் பாறையைக் காட்டினாலும் அதன்மேல் உட்கார்ந்த கடவுளைச் சொல்லிவிடுவார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற அதிகாரி. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இந்த மலையில் மேகம் மட்டும்தான் இருந்தது என்பது அவர் கொள்கை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூவரும் ஜீப்பை விட்டு இறங்கி, பஸ் நிற்கும் இடத்திலிருந்த மஞ்சள் பலகையைச் சற்று நேரம் மூக்கைச் சுளித்துப் பார்த்தார்கள். பிறகு தலைவர், பூண்டு உரித்துக்கொண்டிருந்த முருகம்மாளிடம் கேட்டார்:

"அம்மா, இவ்வூருக்கு இப்பெயர் எவ்வாறு வாய்த்தது?"

முருகம்மாள் செல்லப்பாண்டியின் மனைவி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவள்.

"கழுதை படுத்துருச்சுங்க."

தலைவர் பின்னால் திரும்பி, "எழுதிக்கொள்ளுங்கள். மக்களுக்குத் தெரியவில்லை" என்றார்.

"தெரியலன்னு நான் சொல்லலைங்களே. கழுதை படுத்துச்சுன்னுதான சொன்னேன்?"

"அம்மா, கழுதை படுத்தது நிகழ்ச்சி. நான் கேட்பது வரலாறு."

அதற்குள் இரண்டு பியூன்கள் பலகையைக் கழற்றியிருந்தார்கள். ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களில் அப்போது காட்டுக்குப் போகாமல் இருந்தவர் செல்லப்பாண்டி ஒருவர்தான். அவர் கையில் ஒரு ரசீதைக் கொடுத்தார்கள். பலகை, மஞ்சள், ஒன்று, ஆணி, நான்கு, பெயர், ஒன்று, மேற்கண்டவை பெற்றுக்கொள்ளப்பட்டன என்று அதில் இருந்தது.

செல்லப்பாண்டி அதை இரண்டு தடவை படித்தார். "எப்பங்க திருப்பித் தருவீக?"

"பெயரைத் திருப்பித் தரமாட்டோம். தூய பெயர் வேறு தருவோம்."

"அது வர்ற வரைக்கும் எங்க ஊரு என்னாங்க?"

"அதுவரை உங்கள் ஊரின் பெயர் நிலுவையில் இருக்கும். கழுதைக்கல் என்று எழுதுவதோ, அச்சிடுவதோ, அலுவல் முறையில் உச்சரிப்பதோ கூடாது."

"ஆணியவாச்சும் குடுத்துட்டுப் போங்கய்யா" என்றாள் முருகம்மாள். ஆணி பற்றித் தனியாக மனு கொடுக்கும்படி சொல்லிவிட்டு ஜீப் போயிற்று.

மறுநாள் மாலை பஸ்ஸில் பெயர் இல்லாததன் முதல் விளைவு தெரிந்தது. கோடைக்கானலிலிருந்து வந்த செல்லப்பாண்டி வழக்கம்போல ஊரைச் சொல்லி டிக்கெட் கேட்டார். கண்டக்டர் தன் பட்டியலை விரித்துக் காட்டினான். கழுதைக்கல்லின் மேல் சிவப்பு மையில் கோடு.

"பூம்பாறைக்குத்தான் டிக்கெட் கிழிக்க முடியும்ண்ணே. அதுக்கு மேல பஸ்ஸு போகும், நின்னு திரும்பும். ஆனா எந்த ஊர்லயும் நிக்கல."

"நிக்குதுல்லப்பா?"

"நிக்கும்ண்ணே. ஊர்ல நிக்கல. சும்மா நிக்குது. அங்க எறங்குறதுக்கு நான் எந்தப் பேர்ல டிக்கெட் கிழிக்க?"

ஆகவே ஊரார் பூம்பாறையில் இறங்கி மூன்று மைல் நடந்தார்கள். காலி பஸ் அவர்களைத் தாண்டி ஊர் வரை போய், சும்மா நின்று, திரும்பி வந்தது.

ஐப்பசியில் காளியாயி என்ற மூதாட்டி இறந்துபோனாள். மணியகாரரின் சாவுப் பதிவேட்டில் 'இறந்த இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் பதிய முடியாது, நிரப்பப் பெயர் இல்லை. குழுவின் முடிவு தெரியும் வரை காளியாயி உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. அவளுடைய மருமகள் வடிவு, பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம், "இருவது வருசம் பொறுத்தேன். செத்தும் போகமாட்டேங்குதே எம் மாமியா" என்று சொல்லி அழுதாள். அவள் துக்கத்தில் அழுதாளா ஆத்திரத்தில் அழுதாளா என்று யாரும் விசாரிக்கவில்லை.

கடிதங்கள் 'அப்படி ஊர் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பிப் போயின. ஊரார் எல்லாரும் தங்கள் விலாசமாகக் கோடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்த முத்து முகம்மது ராவுத்தரின் கடையைக் கொடுத்தார்கள். ஒரே கடையில் முப்பத்திரண்டு குடும்பம் குடியிருப்பதாகத் தபால் கணக்கில் ஆனது. ராவுத்தர் கவலைப்படவில்லை.

"ஏலே பாண்டி, எங்க அத்தா காலத்துல இந்தக் கோடைக்கானலையே ஒருத்தன் கொடைக்கானல்னு எழுதுவான், ஒருத்தன் கோடிக்கானல்னு எழுதுவான். இங்கிலீஷ்காரன் எழுதுறது ஆளுக்கொண்ணா இருக்கும். மூட்டையெல்லாம் வெரசா சரியா வந்து சேந்துச்சு. கீழ எறங்குனா மலையே வேற பேருல கெடக்கு. எவனும் வழி தப்பிப் போகல" என்றார்.

குழு ஏன் தாமதிக்கிறது என்பதற்குக் காரணங்கள் இருந்தன. ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்கள்தான் மலையில் ஆய்வுக்கு உகந்தவை என்று குழு முதல் கூட்டத்திலேயே தீர்மானித்திருந்தது. மற்ற மாதங்களின் குளிர் தொன்மைக்கு ஒத்துவராது. சீசன் இல்லாத காலத்தில் மதுரையில் கூடி, போன சீசனின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்து ஒப்புக்கொள்வார்கள். போதாததற்கு 1969 தையில் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று சட்டப்படி மாறிவிட்டது. குழுவிடம் 'சென்னை மாநிலம்' என்று தலைப்பு அச்சிட்ட ஆறாயிரம் தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சென்னையை அடித்துத் தமிழ்நாடு என்று கையால் எழுதி முடிக்கும் வரை குழுவின் பணிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. குழுவில் எழுதத் தெரிந்தவர்கள் நால்வர் இருந்தாலும் எழுதியது ஒருவர்தான், டைப்பிஸ்ட் சண்முகசுந்தரி. கோடைக்கானல்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"ஒரு மாநிலத்தின் பெயரையே பதினெட்டு மாதத்தில் மாற்றிவிட்டார்களே, உங்களுக்கு ஒரு கிராமம் முடியவில்லையா?" என்று மேலிடத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். "அவசரப்பட்டுவிட்டார்கள்" என்று தலைவர் பதில் எழுதினார்.

இதெல்லாம் செல்லப்பாண்டிக்கு எரிச்சலாக இருந்ததே தவிரப் பயமாக இல்லை. பயம் 1969 ஜூன் மாதம் வந்தது.

அவர் மகள் அன்னக்கொடி கோடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்தாள். அந்த ஊரிலிருந்து அந்தப் பரீட்சையை எழுதிய முதல் பெண். திண்டுக்கல் பக்கம் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மலைவாசிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஒரே இடம் அவளுக்குக் கிடைத்திருப்பதாக ராவுத்தர் கடை விலாசத்துக்குக் கார்டு வந்தது. ஜூலை பதினைந்துக்குள் சொந்த ஊர்ச் சான்றிதழோடு வந்து சேரவேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போகும்.

அந்த இடத்துக்காக ஊரே காத்திருந்தது என்று சொல்லலாம். கீழேயிருந்து அனுப்பப்பட்ட வாத்தியார்கள் யாரும் ஒரு மார்கழிக்கு மேல் அந்தப் பள்ளிக்கூடத்தில் நின்றதில்லை. கடைசியாக வந்தவர் கம்பளியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். குளிர் பழகிய ஒரு டீச்சர் ஊருக்கு வரவேண்டும் என்றால் அது அன்னக்கொடியாகத்தான் இருக்க முடியும்.

கோடைக்கானல் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நல்ல மனிதர். கார்டைப் படித்துவிட்டு, "சந்தோசம்மா" என்றார். பிறகு பட்டியலைப் புரட்டினார். சந்தோஷம் போய்விட்டது.

"உங்க ஊருக்குப் பேரு இல்லையேண்ணே."

"பேரு இல்லாட்டியும் ஊரு இருக்குங்கய்யா. வந்து பாக்கலாம்."

"பாத்தா சர்டிபிகேட்ல எழுத முடியாதுல்ல? இன்ன ஊர்ல பொறந்தான்னுதான் ஃபாரத்துல இருக்கு. பேரில்லாத ஊர்ல பொறந்தவங்களுக்கு ரூல் இல்ல."

"பூம்பாறைன்னு எழுதிருங்க. வில்பட்டின்னு எழுதுனாலும் சரி."

குமாஸ்தா பதறிப்போனார். "பொய் சர்டிபிகேட்டா? நானும் உள்ள போவேன், நீங்களும் உள்ள போவீங்க. அங்க போனாலும் சொந்த ஊர் எதுன்னு கேப்பான்!"

செல்லப்பாண்டி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். ஐம்பது வயதில் முதல்முறையாக, தான் எங்கிருந்து வருகிறோம் என்று தனக்கே உறுதியாகத் தெரியாதது போல் இருந்தது. அன்னக்கொடி கார்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "குழுவப் போய்ப் பாப்பம்ப்பா. சீசன்தான், இங்கதான் இருப்பாக" என்றாள்.

குழு ஏரிக்கரையில் ஒரு பங்களாவில் இருந்தது. கணப்பில் கட்டை எரிந்தது. மூவரும் ரொட்டியும் ஆம்லெட்டும் சாப்பிட்டுக்கொண்டு கழுதைக்கல்லைப் பற்றிய முப்பத்தேழாவது கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர் ஒருவரே நேரில் வந்திருக்கிறார் என்றதும் அவரைச் சாட்சியாக உட்காரவைத்தார்கள்.

முதலில் தலைவர் எழுந்தார். "கழுதைக்கல் என்பது கழை, உதை, கல் என்ற மூன்று சொற்களின் சேர்க்கை. கழை என்றால் மூங்கில். காற்றில் மூங்கில்கள் பாறையை உதைத்த ஒலி கேட்ட பண்டைத் தமிழன் கழையுதைகல் என்று பெயரிட்டான். ஐயா, உங்கள் ஊரில் மூங்கில் உண்டா?"

"இல்லைங்க. ரெண்டாயிரம் அடி கீழ எறங்குனாத்தான்."

"எழுதிக்கொள்ளுங்கள். மூங்கில்கள் அழிக்கப்பட்டிருக்கின்றன."

மூலையில் சண்முகசுந்தரியின் டைப்ரைட்டர் தட்டியது.

புராண உறுப்பினர் சிரித்தார். "கலுஷ தகன கிரி. பாவங்களை எரிக்கும் மலை. வராக மூர்த்தி பூமியைத் தோண்டி எடுத்து இளைப்பாறிய இடம். ஏம்ப்பா, உங்க ஊர்ல பன்றி நடமாட்டம் உண்டோ?"

"நெறைய உண்டுங்க சாமி. ராவெல்லாம் வந்து பூண்டுக்காட்டத் தோண்டிருதுக."

"தோண்டுகிறது! கேட்டீர்களா? இன்னமும் தோண்டுகிறது!" என்று அவர் கண் கலங்கினார்.

ஓய்வுபெற்ற அதிகாரி புகைக்குழாயைத் தட்டி அணைத்துவிட்டு ஒரு பழுப்பேறிய நோட்டைத் திறந்தார். "நூத்து இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு காப்டன் இங்க டென்ட் அடிச்சிருக்கார். டைரியில 'கூல் டே' அப்படின்னு எழுதியிருக்கார். கூல் டே கல்லி, குளிர்நாள் பள்ளம்னு அர்த்தம். அதைத்தான் நீங்கள்லாம் கழுதையாக்கிட்டீங்க. மிஸ்டர், உங்க ஊர்ல கூல் டே உண்டா?"

"எல்லா டேயும் கூல் டேதாங்க."

"தட் இஸ் ஆல்" என்று அவர் உட்கார்ந்தார்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஓட்டு. முந்தைய முப்பத்தாறு கூட்டங்களிலும் அப்படித்தான் ஆகியிருந்தது. தலைவர் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்பவர் போல, "முடிவு அடுத்த சீசனுக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்றார்.

செல்லப்பாண்டி எழுந்து கும்பிட்டார். "ஐயா, மூணுல எதையாச்சும் ஒண்ண வையுங்க. சீட்டுக் குலுக்கிக்கூடப் போட்டுருங்க. எம் மகளுக்குப் பதினஞ்சாம் தேதிக்குள்ள சர்டிபிகேட் வேணும். இல்லாட்டி அவ படிப்பு போயிரும்."

தலைவருக்கு முகம் சிவந்தது. "ஈராயிரம் ஆண்டுகள் காத்திருந்த பெயர், உங்கள் மகள் பொருட்டுப் பதினைந்தாம் தேதிக்குள் வெளிவரவேண்டும் என்கிறீர்களா?"

"பேரு காத்துக் கெடக்கட்டும்ங்க. அதுக்கு வயசாகாது. பிள்ளைக்கு ஆகுதுல்ல?"

"மக்களுக்காக வரலாறு வளையாது, ஐயா. மக்கள் இன்று இருப்பார்கள், நாளை போவார்கள். குழு இருக்கும்!"

புராண உறுப்பினரும் அதிகாரியும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். மூவரும் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம் அதுதான். பிறகு படகுத்துறைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்கள்.

அன்னக்கொடி டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? ஒரு பேரு முடிவாயிருச்சுன்னா அது தாலுகா ஆபீசுக்கு எப்பிடித் தெரியும்?"

"மன்த்லி ஸ்டேட்மென்ட் ஒண்ணு நான் டைப் பண்ணி அனுப்புவேன்ம்மா. பழைய பேர் ஒரு கட்டம், புதுப் பேர் ஒரு கட்டம். கெஜட்ல அப்படியே பிரின்ட் ஆகும். தாலுகா ஆபீஸ்ல கெஜட்டப் பாத்து லிஸ்ட்ல ஏத்திப்பாங்க. கெஜட்ல என்ன இருக்கோ அதான் பேரு."

"எங்க ஊருக்கு நேரா இப்ப என்னக்கா இருக்கும்?"

"பதினஞ்சு மாசமா ஒரே இதுதான். நிலுவைன்னு. ப்ராக்கெட்ல போடுவேன். ப்ராக்கெட்ல இருந்தா அது பேரில்ல, நோட் மட்டும்தான்னு பிரஸ்காரங்களுக்குத் தெரியும்."

அன்னக்கொடி குனிந்து அந்த இயந்திரத்தின் எழுத்துகளைப் பார்த்தாள்.

"ப்ராக்கெட் போட்டே ஆகணுமாக்கா?"

சண்முகசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். ஆறாயிரம் தாளில் சென்னையை அடித்துத் தமிழ்நாடு எழுதியதில் அவள் நடுவிரல் இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஏரிப்பக்கம் ஜன்னல் வழியாக மூவரும் படகில் ஏறுவது தெரிந்தது.

"இந்த மெஷின்ல ப்ராக்கெட் கீ ரெண்டு நாளா ஒட்டுது" என்றாள். "சரியா விழமாட்டேங்குது. ரிப்பேருக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

ஜூன் மாத அறிக்கை தலைவரிடம் கையெழுத்துக்குப் போனது. கீழ்நிலை ஊழியர் டைப் செய்ததைப் படித்துப் பார்ப்பது அவர்களை அவமதிப்பதாகும் என்று கருதியதால் அவர் எதையும் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஜூலை ஒன்பதாம் தேதி கெஜட் வந்தது. பழைய பெயர், கழுதைக்கல். புதிய பெயர், நிலுவை.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ராவுத்தர் கடைக்கே ஓடி வந்து சொன்னார். "பேரு வந்துருச்சுண்ணே! நல்ல பேரு. சர்டிபிகேட் எழுதி வச்சுட்டேன். தாசில்தார் கேம்ப்ல இருக்காரு. வந்ததும் கையெழுத்து வாங்கித் தந்துர்றேன்."

முத்து முகம்மது ராவுத்தர் கெஜட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "நிலுவையா? ஏலே பாண்டி, கடை நோட்டுல பாக்கிப் பக்கத்துக்கு வைக்கிற பேருல்லடா இது" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. கையெழுத்து இன்னும் விழவில்லை.

பன்னிரண்டாம் தேதி கிளப்பில் கெஜட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி கண்ணில் அது பட்டது. அவசரக் கூட்டம் கூடியது. பிழைதிருத்தம் வெளியிடலாம் என்றார் புராண உறுப்பினர். அப்படி வெளியிட்டால் படிக்காமல் கையெழுத்துப் போட்டது வெளியே வரும் என்று தலைவருக்கு உறைத்தது. சண்முகசுந்தரியைக் கூப்பிட்டார்கள். அவள் ரிப்பேருக்கு எழுதிப் போட்ட கடிதத்தின் நகலைக் காட்டினாள். அதிலும் தலைவரின் கையெழுத்து இருந்தது.

தலைவர் ஒரு மணி நேரம் தனியறையில் இருந்தார். வெளியே வந்தபோது, நிலுவை என்பது நெடுநாளாகத் தம் உள்ளத்தில் இருந்த பெயர்தான் என்பது அவருக்கு நினைவு வந்திருந்தது. பதினான்காம் தேதி தாசில்தார் முன்னிலையில் ஊரிலேயே பெயர்ப்பலகைத் திறப்பு விழா என்று அறிவித்தார்.

இப்படித் தாசில்தார் கேம்ப்பிலிருந்து ஆபீசுக்கு வராமல் நேராக மலையேறி ஊருக்கே வந்துவிட்டார். சான்றிதழ் கையெழுத்தாகாமல் குமாஸ்தாவின் பையில் இருந்தது. கீழே இறங்கக் கடைசி பஸ் மூன்று மணிக்கு. அன்னக்கொடி டிரங்குப் பெட்டியோடு பந்தலுக்குப் பக்கத்தில் நின்றாள். வெள்ளனே வந்து முன்வரிசையில் இடம்பிடித்திருந்த குமாஸ்தா பையை மடியில் வைத்துக்கொண்டு தாசில்தாரின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தார். தலைவர் பேச எழுந்தபோது மணி ஒன்றேகால்.

"நிலுவை! என்ன அருமையான சொல்! நில், உவை. நில் என்றால் நிலைத்திரு. உவை என்றால் உங்கள் முன்னால் இருப்பவை. உங்கள் முன்னால் இருப்பவையே, நிலைத்திருங்கள்! இதைவிட ஒரு குழுவுக்குப் பொருத்தமான வாழ்த்து உண்டா?"

புராண உறுப்பினர் குறுக்கிட்டு, நீல வராகம் உவந்த மலை நிலுவை என்று சொல்லி உட்கார்ந்தார். அதிகாரி, நீல் என்ற காப்டன் நடந்த வழி 'நீல்ஸ் வே' என்று சொல்லி உட்கார்ந்தார். மூவருக்கும் ஒரே பெயரில் உடன்பாடு ஏற்பட்டதைக் கண்டு கூட்டம் கைதட்டியது. கைதட்டினால் முடித்துவிடுவார்கள் என்று முருகம்மாள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் தலைவர் மீண்டும் எழுந்தார்.

"பதினைந்து மாதங்களாகக் குழு எந்த முடிவுக்கும் வரவில்லை என்று சிலர் பேசினார்கள். ஆம், வரவில்லை! முடிவுக்கு வருவது எளிது. எந்தப் பாமரனும் வந்துவிடுவான். வராமலிருப்பதற்குத்தான் புலமை வேண்டும். அப்படி நாங்கள் வராமலிருந்த முடிவுதான் இன்று பலகையாக உங்கள் முன் நிற்கிறது!"

மணி இரண்டரை. பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பதினைந்து மாதத்துக்குப் பிறகு அது முதன்முதலாக ஒரு ஊரில் நின்றது. அதுவரை எந்த அதிகாரி முன்னாலும் நிமிர்ந்துகூட நிற்காத செல்லப்பாண்டி, குமாஸ்தாவின் பையிலிருந்து சான்றிதழை உருவினார். பந்தலுக்குப் பின்பக்கமாகப் போய் மேடையில் ஏறினார். தாசில்தார் கண்ணை மூடித் தொன்மையைச் சிந்தித்துக்கொண்டிருந்தார். லேசான குறட்டை கேட்டது. செல்லப்பாண்டி அவர் தோளைத் தொட்டார்.

"ஐயா, கையெழுத்து."

தாசில்தார் திடுக்கிட்டு விழித்து, திறப்பு விழாப் பத்திரம் என்று நினைத்து, தலைவரின் பேச்சுத் தாளை அடியில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மை காயும் வரை செல்லப்பாண்டி அதை ஊதினார். ஒலிபெருக்கியில் அந்த ஊதல் ஊர் முழுக்கக் கேட்டது.

"யாரது?" என்றார் தலைவர்.

"நிலுவைக்காரன்ங்க" என்று சொல்லிவிட்டு அவர் மேடையிலிருந்து குதித்து ஓடினார். முருகம்மாள் பஸ்ஸின் முன்னால் கையை விரித்து நின்றிருந்தாள். அப்பனும் மகளும் ஏறியதும்தான் வழிவிட்டாள். "ஸ்வெட்டரு அடியில இருக்குடி. கீழ வெக்கையா இருக்கும். இருந்தாலும் இருக்கட்டும்" என்று கத்தினாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. தலைவருக்குப் பேச முடிந்தது. நான்கு மணி வரை பேசினார்.

மறுநாள் பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் ஒரு வயதான அம்மா சான்றிதழை வாங்கிப் பார்த்தார். "நிலுவை. கேள்விப்படாத ஊரா இருக்கே. எவ்வளவு காலமா இருக்கு?"

"ஈராயிரம் வருசமாங்க" என்றாள் அன்னக்கொடி முகம் மாறாமல்.

அந்த அம்மா பதிவேட்டில் எழுதிக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரல் வைத்தார். அன்னக்கொடி நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். செல்லப்பாண்டி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தாள். அவள் வாசல் திரும்பும்வரை பார்த்துவிட்டு, அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார்.

அரசு, குழுவின் சாதனையைப் பாராட்டி அதன் ஆயுளை இரண்டு வருஷம் நீட்டியிருந்தது. குழு அந்த வருஷத்துச் சீசனை ஆகஸ்ட் வரை நீட்டிக்கொண்டிருந்தது. அது செல்லப்பாண்டிக்கு மலை பஸ்ஸில்தான் தெரியவந்தது. வத்தலக்குண்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மனிதர், அழகுமலை என்று பெயர் சொன்னார். பண்ணைக்காட்டுப் பக்கம் சின்ன ஊர். ஜிப்பாப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா? எங்க ஊரு பேரைப் பத்தி விசாரிக்கப் பெரியவுக மூணு பேரு அடுத்த வாரம் ஜீப்புல வாறாகளாம். நல்ல சோலியா, கெட்ட சோலியான்னு தெரியல."

செல்லப்பாண்டி தாளைப் பார்த்தார். தலைப்பில் சென்னையை அடித்துத் தமிழ்நாடு என்று கையால் எழுதியிருந்தது. அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க ஊர்ல படிக்கிற பிள்ளைக இருக்கா?"

"இருக்காகண்ணே. எந் தம்பி மகன் ஒருத்தன் பத்தாவது. நாலஞ்சு பேரு இருப்பாக."

"நோயாளிக யாரும் இருக்காகளா? கல்யாணம் காச்சி, பத்திரம் முடிக்க வேண்டியது எதும் இருக்கா?"

"ஏண்ணே இதெல்லாம் கேக்குறீக?"

"கோடைக்கானல் தாலுகா ஆபீசுல வாங்க வேண்டிய சர்டிபிகேட்டெல்லாம் இந்த வாரத்துலயே வாங்கிருங்க. அத்தன பேருக்கும். ஒருத்தரயும் விட்றாதீக."

அழகுமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சொன்ன மனிதரின் முகத்தைப் பார்த்தார். பண்ணைக்காட்டுப் பிரிவில் பஸ் நின்றபோது அவர் இறங்கவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, கோடைக்கானல் வரைக்கும் டிக்கெட்டை நீட்டித் தரும்படி கேட்டார்.